கோப்பேங் தாண்டி அறுந்த பெல்ட்

கார் என் தம்பியுடையது. அவன் வாங்கும்போதே அது பழைய கார்தான். ஈப்போவுக்கு வடக்கே செமோரில், முன்பு எஸ்டேட் தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எதையாவது கழற்றிக்கொண்டிருப்பான். பிறகு ஒரு சண்டையில் அவனும் கூட இருந்தான். அதில் ஒருவருக்குக் கண் போய்விட்டது. தண்டனை சொன்ன அன்று கார் சாவி என் கைக்கு வந்தது. எனக்கு ஓட்டத் தெரியும், எண்ணெய் ஊற்றத் தெரியும். அதற்கு மேல் அந்தக் காரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மாதம் ஒருமுறை அம்மாவை ஏற்றிக்கொண்டு காம்பாருக்குத் தெற்கே இருக்கும் சிறைக்குப் போவேன். ஹைவே என்றால் அம்மாவுக்குப் பயம். அதனால் பழைய சாலையிலேயே போவோம். அம்மா நல்ல சேலை கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்புவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அம்மா நன்றாக இருக்கிறார் என்று தெரிய வேண்டுமாம்.

அந்த மாதம் பவுடர் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அதற்கு முந்தின தடவை, நெஞ்சுச் சளிக்கு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த கையோடு வந்திருந்தார். தம்பி பேசப் பேச இருமிக்கொண்டே இருந்தார். "அம்மாவ வீட்லயே விட்டுட்டு வந்திருக்கலாம்லாக்கா" என்று என்னைக் கோபித்துக்கொண்டான்.

கோப்பேங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். வெடிச்சத்தமோ புகையோ எதுவும் இல்லை. பானெட்டுக்குள் யாரோ ஈரத்துணியை உதறியது போல் ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் நின்றுவிட்டது. ஸ்டீரிங் கல்லாய் இறுகியது. ஓடின வேகத்திலேயே காரை ஓரத்து மண்ணில் இறக்கினேன். பின்னால் செம்பனைக் குலைகள் ஏற்றி வந்த லாரி நீளமாக ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. ஆனால் வழக்கமான முக்கல் இல்லை. உள்ளே பிடித்து இழுக்க ஒன்றுமே இல்லாதது போல் லேசாகச் சுற்றியது. மறுபடி திருப்பினேன். அதே சத்தம்.

"சூடாயிருக்கும்லா. கொஞ்ச நேரம் ஆறட்டும்," என்றார் அம்மா.

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணனுக்குப் போன் போட்டேன். தம்பி முன்பு அவரிடம்தான் வேலை செய்தான். சாவியைத் திருப்பச் சொல்லி, போனிலேயே சத்தத்தைக் கேட்டார்.

"போதும் தங்கச்சி, இனி திருப்பாதே. டைமிங் பெல்ட் அறுந்துருச்சு."

"பெல்ட்தானே அண்ணே? இங்க யாராச்சும் மாத்திக் குடுப்பாங்களா?"

"அது அறுந்தா உள்ள வேற நெறைய போயிருக்கும். நான் இழுக்கிற லாரி அனுப்பறேன். நீங்க ரெண்டு பேரும் நெழல்ல போய் நில்லுங்க."

சாலையோரம் ஒரு பழக்கடை இருந்தது. கடைக்காரச் சீனர் அம்மாவைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டு, வெயிலாக இருக்கிறது, உட்காருங்கள் என்று மலாயில் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நான் போனில் வாடகைக் கார் தேடினேன். ஒருவர் வருவதாகச் சொன்னார். எங்கே போக வேண்டும் என்று பார்த்த பிறகு ரத்து செய்துவிட்டார். அடுத்து யாரும் கிடைக்கவில்லை. சிறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டேன். போனை எடுத்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். இன்றைக்கு வராவிட்டால் வேறு நாளுக்குப் புதிதாகப் பதிய வேண்டும், உள்ளே இருப்பவரிடம் செய்தி சொல்லத் தன்னால் முடியாது என்றாள். ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள், கார் பழுதாகிவிட்டது என்று மட்டும், எனக் கெஞ்சினேன். மன்னிக்கச் சொல்லிப் போனை வைத்தாள்.

திரும்பிப் பார்த்தால் நாற்காலிப் பக்கத்தில் ஆளைக் காணோம். அம்மா சாலையோரமாகத் தெற்கே நடந்துகொண்டிருந்தார். இளவயதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் வாளி தூக்கிய உடம்பு. சளியில் கிடந்து எழுந்த பிறகும் வேகமாகத்தான் நடந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்கம்மா போறீங்க?"

"அவன் உக்காந்து வாசலையே பாத்துக்கிட்டிருப்பான்."

"நடந்து போற தூரமாம்மா அது?"

"பஸ்ஸு எதாச்சும் வரும்லா. கைய விடு."

லாரிகள் போகும்போதெல்லாம் அவர் சேலைத் தலைப்பு மேலெழும்பி விழுந்தது. நான் கையை விடவில்லை. இருமல் வந்ததும் அவரே நின்றுவிட்டார். குனிந்து, முழங்காலில் கை ஊன்றி, அடங்கும்வரை இருமினார். பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்தது. பிறகு என்னோடு திரும்பி வந்தார்.

இழுக்கும் லாரி வந்தபோது சிறையில் பார்க்கும் நேரம் முடியப்போகிற சமயம். முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். லாரி வடக்கே திரும்பி ஈப்போவை நோக்கிப் போனது. அம்மா பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். அதில் தூக்கிக் கட்டிய எங்கள் காரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

வொர்க்‌ஷாப்பில் அண்ணன் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி பெல்ட்டை வெளியே எடுத்தார். ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாம் மழுங்கி, நடுவில் நார் நாராகப் பிய்ந்திருந்தது. பெல்ட் அறுந்ததும் வால்வுகள் மேலே போகாமல் நின்றுவிட்டன, பிஸ்டன் வந்து அவற்றை இடித்து வளைத்துவிட்டது, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கினால்தான் எத்தனை வால்வு தப்பியது என்று தெரியும் என்றார். அம்மா அந்தப் பெல்ட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இந்த ரப்பராலயா?" என்று மட்டும் கேட்டார்.

வேறொரு பழைய காரின் ஹெட்டைத் தேடிப் பொருத்த அண்ணனுக்குப் பல வாரங்கள் பிடித்தன. எங்களுக்கு மறுபடி தேதி கிடைப்பதற்கும் ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அந்தத் தடவை ரயிலில் போய், ஸ்டேஷனிலிருந்து வாடகைக் கார் பிடித்து, கேட் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றோம்.

தம்பி உள்ளே வந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னை முதலில் பார்த்தான். பிறகு எனக்குப் பின்னால் வந்த அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். வார்டன் தோளைத் தொட்டு உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது. நன்றாக இளைத்திருந்தான். நான் ரிசீவரை எடுத்தேன். அவன் எடுக்க நேரமாயிற்று.

"அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சேன்க்கா."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போன தடவ அப்படி இருமுனாங்க. அடுத்து யாருமே வரல. வார்டன்கிட்ட கேட்டேன், தெரியாதுன்னாரு. அம்மா நல்லா இருந்தா வராம இருக்க மாட்டாங்கல்ல? நீ காரியத்துல இருக்க, அதான் உன்னாலயும் வர முடியலன்னு நெனச்சுக்கிட்டேன். நாள் எண்ணி, கருமாதி அன்னிக்குக் காலைல குளிக்கிற எடத்துல தெக்கப் பாத்து தண்ணி ஊத்துனேன்க்கா. கறி மீன் போட்டா பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுத்துட்டேன்."

"பெல்ட் அறுந்துருச்சுடா," என்றேன். "கார் பாதி வழில நின்னு போச்சு. டைமிங் பெல்ட்."

அவன் நெற்றியைக் கையால் தாங்கிக்கொண்டான். "மாத்தற நேரம் வந்துருச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த மாசம் மாத்தலாம்னு இருந்தேன். அதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. உங்கிட்ட சொல்லணும்னு தோணவே இல்லக்கா."

அம்மா என் தோளைத் தட்டினார். "என்னடி சொல்றான்?"

"கார் பத்தி," என்று சொல்லி ரிசீவரைக் கொடுத்தேன். அவர்கள் இருவரும் சாப்பாடு பற்றியும் கொசு பற்றியும் பேசினார்கள். அம்மா இருமலே வராமல் பேசினார். தம்பி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிரித்தான். ஆனால் கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்தால் அம்மா கவனித்துவிடுவார் என்று நினைத்தானோ என்னவோ, துடைக்கவே இல்லை.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் வாயப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கார் பத்திப் பேசறவன் அப்படி அழுவானா?" என்றார்.

சொல்லிவிட்டேன். எதையும் மறைக்க முடியவில்லை.

ரயில் பத்துகாஜாவைத் தாண்டியது. வெளியே பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் மழை பெய்துகொண்டிருந்தது.

"தண்ணி ஊத்துனானா?"

"ஊத்துனானாம்."

"எள்ளு?"

"உள்ள எங்கம்மா எள்ளு கெடைக்கும்?"

தலையசைத்துக்கொண்டார். "போகட்டும். ஒரு தடவ அழுது முடிச்சுட்டான்," என்றார். அவன் வெளியே வர இன்னும் எத்தனை வருஷம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். "நெசமாவே நான் போயிட்டா, அவனுக்கு யார் மூலமாவும் சொல்லி விட வேணாம். நீயே போ. பஸ்ஸோ ரயிலோ, எதுலயாச்சும் போயி, அவன் முன்னால நின்னு சொல்லு."

"சொல்றேன்ம்மா," என்றேன்.

ரயில் ஈப்போவில் நின்றது. மழை விட்டபாடில்லை. அம்மா சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.