என் தங்கையின் பேனாக்களை யாரும் துலக்க வேண்டாம்

என் தங்கையின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், கிள்ளானிலிருந்தும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் வந்திருக்கும் நண்பர்களுக்கும் அண்ணனாகிய என் வணக்கம்.

இந்தக் கட்டுரையை என் மருமகன் எழுதுவதாக இருந்தது. அவர் பள்ளி ஆசிரியர். "மாமா, நீங்க சொல்லுங்க, நான் அழகா எழுதிடறேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையையும் ஆறு லோரிகளையும் யாரிடமும் போய் நிற்காமல் உண்டாக்கியவன். என் தங்கையைப் பற்றி நாலு பக்கம் எழுத எனக்கு இன்னொருவர் கை தேவையில்லை. எழுத்துப் பிழைகளை மட்டும் மருமகன் திருத்தியிருக்கிறார். மற்றதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. மறைந்தவரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டுமாம். மற்ற எல்லாருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கிறேன். தங்கைக்கு மட்டும் எனக்கு அது வராது. பிறந்த அன்று துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் எனக்கு அவள்தான்.

நாங்கள் பிறந்தது செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா ரயில் பட்டறையில் வேலை செய்தார். எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஐந்து வயது இருக்கும்போது அவர் காலமானார். குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து நாலைந்து வீடுகளில் துணி துவைத்தார். நான் பள்ளியை விட்டுவிட்டு லோரியில் கெலிண்டானாக ஏறினேன். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய், சரக்கை ஏற்றி இறக்குகிற வேலை. இரண்டு பேரில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலைமை. யார் என்று யாரும் கூடிப் பேசவில்லை. அவளுக்குப் படிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. நான் தியாகம் செய்ததாகச் சிலர் மேடையில் பேசுகிறார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்கு லோரி பிடித்திருந்தது.

அவள் ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, படித்த வருடம் நான் பழைய உலோகம் ஏற்றும் லோரியில் இருந்தேன். ஒரு நாள், உடைந்த தண்ணீர்க் குழாய்களும் திருகுகளும் கிடந்த குவியலில் ஒரு ஊற்றுப் பேனா கிடைத்தது. மேல்சாயம் உரிந்து உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கல்லில் லேசாக உரசிப் பார்த்தேன். நல்ல பித்தளை. குவியலோடு உருக்கப் போக வேண்டிய சாமான். முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து தங்கையிடம் போட்டேன். எழுதும் என்று நான் நினைக்கவேயில்லை. அவள் அதைப் பிரித்துத் தண்ணீரில் ஊறவைத்து, நீலம் கழியக் கழியத் தண்ணீர் மாற்றி, மையை நிரப்பி, என் பெயரை எழுதிக் காட்டினாள். பரீட்சையை அந்தப் பேனாவால்தான் எழுதினாள். எல்லாப் பாடத்திலும் தேறினாள். உருக்கும் உலைக்குப் போகவிருந்த பேனா என்று அதை இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்வேன். கண்டெடுத்தவன் நான்.

பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, சேர்ந்தாள். ஓய்வு பெறும் வரை அதே அலுவலகம்தான். கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் போய் ரயிலில் வருவாள். மதியச் சாப்பாட்டு நேரத்திலும் சனிக்கிழமைகளிலும் ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுப்பாள். இந்த மண்ணிலேயே பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல் போனவர்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியை வைத்துக்கொண்டு, குடிமக்களுக்கான நீல ஐசிக்குப் பல வருடம் நடையாய் நடந்தவர்கள். ஒரு பாரம் திரும்பி வந்தால் இன்னொன்று எழுதுவாள். அதுவும் திரும்பி வந்தால் மூன்றாவது. அவள் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

சம்பளத்தில் அவள் தனக்கென்று வாங்கியது பேனாக்கள்தான். பித்தளை, செம்பு, இரண்டைத் தவிர வேறு தொடமாட்டாள். பாசாரில், சந்தையில், பழைய சாமான் விற்கும் சீனக் கிழவரிடம் சில, பிற்பாடு கைபேசியில் பார்த்து ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் தபாலில் சில. மொத்தம் பத்தொன்பது. "இவ்வளவு கனமா எதுக்கும்மா?" என்று கேட்டதற்கு, "கனமா இருந்தா கை அவசரப்படாதுண்ணே. ஒரு எழுத்து தப்பினா அவங்களுக்கு ரெண்டு வருஷம் போயிடும்" என்றாள்.

அந்தப் பேனாக்களை அவள் பார்த்துக்கொண்ட விதத்தை எழுதாமல் விட்டால் அவளைப் பற்றி எழுதியதே ஆகாது. எழுதி முடித்ததும் பருத்தித் துணியால் ஒரு துடை, அவ்வளவுதான். மினுக்கும் மருந்து எதையும் அண்டவிடமாட்டாள். என் பழைய வேட்டிகளைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் பை தைத்திருந்தாள். ரப்பர் பேண்டு பக்கத்தில் இருந்தால் செம்பில் கருந்திட்டு விழும் என்று பெட்டியில் ரப்பரே வைக்கமாட்டாள். ஈரம் இழுக்க இரண்டு சாக்பீஸ். மூடி திருகும் இடத்தில் கடுகளவு தேன்மெழுகு. மழைக்காலத்தில் எங்கேயாவது பச்சை பூத்தால், அந்த இடத்தில் மட்டும் எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சு, உடனே ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. மற்றபடி அவை தம் இஷ்டத்துக்கு நிறம் மாறட்டும் என்று விட்டுவிடுவாள். செம்பு முதலில் ரோஜா நிறம், பிறகு பழுப்பு, பிறகு கூலா மலாக்கா பனைவெல்லத்தின் நிறம். பித்தளையில் விரல் படும் இடம் ஒரு நிறம், படாத இடம் ஒரு நிறம்.

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு கல்யாணத்தில் எங்கள் அத்தை எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏன்டி, கழுத்துல ஒரு பொட்டுத் தங்கம் இல்ல, கைப்பை நெறைய பித்தளையா? இதப் பாத்து எவன்டி கட்டுவான்?"

தங்கை சிரித்தாள். "தங்கம் யாரு கையில இருந்தாலும் அப்படியேதான் அத்தை இருக்கும். இது என் கைய ஞாபகம் வெச்சுக்கும்."

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் ஒரே ஒரு முறை கேட்டேன். அவள் சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் யாரும் இனிமேல் கேட்க வேண்டியதில்லை.

இப்போது என் தப்பை எழுதுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. என் மனைவி புளியும் சாம்பலும் போட்டு விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். தங்கை அலுவலகத்தில் இருந்தாள். அவள் அறையில் அந்த முதல் பேனா கன்னங்கரேல் என்று கிடந்தது. நாம் துலக்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவாளே என்று எடுத்து வந்தேன். பித்தளையைப் பற்றி எனக்குச் சொல்லித்தரக் கிள்ளானில் ஆள் கிடையாது. ஒரு மணி நேரம் தேய்த்தேன். கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி ஜொலித்தது. மேசை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

வந்தாள். பார்த்தாள். "இது யாரு செஞ்சது?"

"நான்தான். எப்படி? கண்ணு கூசுதா?"

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாப்பது வருஷத்த தேச்சுட்டீங்கண்ணே."

"என்ன லா, அழுக்கத்தானே எடுத்தேன்?"

"அழுக்கு இல்ல. என் கை அது."

தீபாவளி முழுக்க என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை என் கோப்பி கோப்பைக்குப் பக்கத்தில் அந்தப் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள். "இந்தாங்க. நீங்க தேச்சத நீங்களே கறுப்பாக்கிக் குடுங்க."

"நான் எங்கம்மா எழுதறேன்? கையெழுத்து மட்டும்தானே போடறேன்?"

"தினமும் ஒரு பக்கம். என்ன வேணா எழுதுங்க. சும்மா கையில வெச்சு உருட்டினா ஒத்துக்கமாட்டேன்."

என் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அறுபத்தாறு வயசுல ஹோம்வொர்க்கா? நல்லா வேணும்!"

முதலில் லோரி நம்பர்களை எழுதினேன். பிறகு ஓட்டுநர்கள் பெயர். பிறகு பேப்பரில் வந்த தலைப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு வருடம் கழித்து, பார்க்காமல் என் பாட்டுக்கு எழுத வந்தது. செந்தூல் குவாட்டர்ஸில் எத்தனை படிக்கட்டு, அப்பாவின் சட்டையில் என்ன எண்ணெய் வாசம் என்று ஒரு நாள் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை என் மேசைக்கு வந்து பார்ப்பாள். எழுத்தைப் பார்க்கமாட்டாள். பேனாவைத்தான் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் எழுதுங்க" என்று வைத்துவிட்டுப் போவாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குச் சிறுநீரகம் பழுதானது. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. கடைசி மூன்று வருடம் அப்படிப் போனது. இடது கையில் ஊசி, வலது கையில் செம்புப் பேனா. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர்களுக்கெல்லாம் உதவித்தொகைப் பாரம் எழுதிக் கொடுத்தாள். புதிதாக வந்த தாதி ஒருவர், "ஆன்டி, உங்க பேனா துருப்பிடிச்சிருக்கு, வேற தரவா?" என்றார். "துரு இல்லம்மா. வயசாயிருக்கு, என்ன மாதிரி" என்றாள். அந்தத் தாதிக்கே வீட்டுக்கடன் பாரம் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்கு வந்தாள்.

அறுபத்தாறு வயதில், ஒரு விடியற்காலையில், எங்கள் வீட்டிலேயே போய்விட்டாள். குளிப்பாட்டும்போது என் மனைவி கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னார்: "நடுவிரல்ல பேனா பட்ட எடம் பச்சையா இருக்குங்க. தேச்சும் போகல."

"தேய்க்காதே" என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

அன்று வந்த கூட்டத்தில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. ஒருவர் சட்டைப் பையிலிருந்து தன் நீல ஐசியை எடுத்து, அவள் காலடியில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். எத்தனை பவுன் சேர்த்தாள் என்று கேட்டவர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சாப்பாடு ஆனதும் பேனாப் பெட்டி பேச்சு வந்தது. என் மைத்துனர் கோயில் கமிட்டியில் இருப்பவர். "மச்சான், பதினெட்டு பேனா பெட்டியில சும்மா கறுத்துக் கெடக்கு. உருக்கி நம்ம கோயிலுக்கு ஒரு மணி செஞ்சிடலாம். தங்கச்சி பேரப் போட்டுடலாம். உங்களுக்குக் கை வந்த வேலைதானே?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எழுதத் தெரிஞ்சவ போயிட்டா. இவருக்கு எதுக்குப்பா இத்தன பேனா?"

பெட்டியைத் தூக்கினேன். உண்மையைச் சொல்கிறேன், என் கை தானாக எடை பார்த்தது. ஐம்பது வருடப் பழக்கம். செம்பு இவ்வளவு, பித்தளை இவ்வளவு என்று மனம் பிரித்தும் விட்டது. நான் உருக்க அனுப்பாத பித்தளை கிடையாது. எத்தனை வீட்டு அண்டா, எத்தனை வீட்டுக் குடம். அதையெல்லாம் யார் யார் கை பிடித்திருந்தது என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக நினைத்தேன். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"கோயிலுக்கு மணிதானே வேணும்? என் கடையில குழாயும் வால்வும் மலை மாதிரி கெடக்கு. எவ்வளவு பெரிய மணி வேணும்னு சொல்லுங்க, நானே ஊத்திக் குடுக்கறேன். இந்தப் பெட்டி உலைக்குப் போகாது. ஒரு பேனா கூடப் போகாது."

"சரி மச்சான், மணியில தங்கச்சி பேரா?"

"வேணாம். அவ சத்தம் போடறவ இல்ல. என் பேரப் போடுங்க. எனக்குத்தான் பொருந்தும்."

மணி இப்போது கோயிலில் தொங்குகிறது. ஊரிலேயே பெரிய சத்தம் அதுதான். போய்க் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் துக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களை மறந்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நான் வெளியூர் போன நாட்களில் அவளைக் காரில் ஏற்றிச் சிகிச்சைக்குக் கொண்டுபோன அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்தினர், அவளைத் தாயைப் போலப் பார்த்துக்கொண்ட தாதிமார்கள், அவள் ஓய்வு பெற்ற பிறகும் அவள் நாற்காலியில் ஒரு மாதம் வரை யாரையும் உட்காரவிடாத பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தார், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்கள், ஐசியோடு வந்து பெயர் சொல்லாமல் போன அந்த மனிதர், எல்லாருக்கும் கைகூப்புகிறேன். அத்தைக்கும் பின்வரிசைக் குரலுக்கும் நன்றி. நீங்கள் சொல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு ரோஷம் வந்திருக்காது.

இதை நீங்கள் படிக்கும் நேரம், வாசலுக்குப் பக்கத்து மேசையில் பதினெட்டுப் பேனாக்களும் இருக்கும், ஒரு பெரிய நோட்டுப் புத்தகமும் இருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஆளுக்கொரு பேனாவை எடுத்துத் தங்கையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். திட்டி எழுதினாலும் சரி. கை வியர்த்திருந்தால் வியர்த்தபடியே பிடியுங்கள். எழுதிய பிறகு துணியால் துடைப்பது என் வேலை. துலக்கலாமா என்று மட்டும் யாரும் வாயெடுக்க வேண்டாம்.

பத்தொன்பதாவது, அந்த முதல் பேனா, மேசையில் இருக்காது. அது என் சட்டைப் பையில் இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதையும் அதால்தான் எழுதினேன். விரல் படும் இடமெல்லாம் கறுத்துவிட்டது. மூடிக்குக் கீழே, நான் தேய்த்த தேய்ப்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு இன்னும் மஞ்சளாக மின்னுகிறது. எனக்கு எழுபத்து நாலு வயது, சர்க்கரை இருக்கிறது, முழங்கால் போய்விட்டது. இருக்கட்டும். கறுப்பாக்கித் தருகிறேன் என்று தங்கையிடம் ஒத்துக்கொண்டவன் நான். அந்த இடமும் கறுக்கும் வரை தினமும் ஒரு பக்கம் எழுதுவேன். அதுவரை நான் எங்கேயும் போவதாக இல்லை.