எதிர்வீட்டுக் கதவின் நான்கு கண்கள்

கோதுமை மாவு காய்ச்சிய பசையின் புளித்த வாசனை படிக்கட்டெல்லாம் பரவினால், எதிர்வீட்டுச் சீனக் குடும்பத்துக்குப் புதுவருடம் வந்துவிட்டதென்று அர்த்தம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒஸ்லோவின் கிழக்குப் புறத்து மாடிக் குடியிருப்பில், எங்கள் இரு வீட்டுக் கதவுகளும் நேருக்கு நேர் இருந்தன. என் வகுப்புத் தோழி லின்னின் தாய், கவசமணிந்து கண்ணை உருட்டி முறைக்கும் இரண்டு வீரர்களின் படங்களைத் தன் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டுவார். தீயவை உள்ளே நுழையாமல் தடுக்கும் வாசல் தெய்வங்கள் அவை. "எங்கட கோயில் வாசலிலையும் இப்பிடி ரண்டு பேர் நிக்கினம்தானே" என்பார் அப்பா.

எனக்கு எட்டு வயதான குளிர்காலத்தில் என் தம்பி செத்தே பிறந்தான். துக்கம் கேட்க வந்த மாமி, போகும்போது வாசலில் நின்று, "உந்த முட்டைக்கண்ணுகள் உங்கட கதவைத்தானே பாத்துக்கொண்டு நிக்குது, பிள்ளை எப்பிடித் தங்கும்?" என்று கேட்டுவிட்டுக் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் நான் பள்ளியால் வந்தபோது, அம்மா மீன் வெட்டும் கத்தியால் அந்த வீரர்களின் கண்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. கைக்குழந்தையை முதுகில் கட்டியபடி, லின்னின் தாய் சூப் கிண்ணத்துடன் நின்றார். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் கோழியும் இஞ்சியும் போட்டு அவித்துத் தினமும் கொண்டுவந்து தந்தவர் அவர். அம்மா நிறுத்தவில்லை. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்து, அவருடைய முகத்தைப் பார்த்தபடியே கடைசிக் கண்ணையும் சுரண்டி முடித்தார். அந்தப் பெண் கிண்ணத்தை எங்கள் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார். அம்மா சூப்பைக் கழிவறையில் ஊற்றிவிட்டு, கழுவாத கிண்ணத்தை அவர்கள் வாசலில் வைத்தார்.

"என்ன வேலை செய்தனீர்?" என்றார் அப்பா மாலையில்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."



அதற்குப் பிறகு லின் வகுப்பில் வேறிடத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள் இடைவேளையில், பிள்ளைகள் எல்லோருக்கும் கேட்கும்படி நொர்வேஜிய மொழியில் என்னிடம் சொன்னாள்: "கண்ணில்லாத காவலரை வைத்திருக்கக் கூடாதென்று அம்மா கிழித்துவிட்டார். அடுத்த புதுவருடம் வரை எங்கள் வாசலில் யாருமில்லை. உன் செத்த தம்பி, விளையாட ஆள் தேடி, என் தம்பியிடம் வந்துவிடுவானாம்."

நான் அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அங்கை ஏன் போறான்? அவன்ரை வீடு இஞ்சையெல்லோ" என்ற அம்மா, ஆஸ்பத்திரியில்கூட அழாதவர், அடுப்படித் தரையில் உட்கார்ந்து குரலெடுத்து அழுதார். அன்றிலிருந்து, அந்தப் பனிக்குளிரிலும், எங்கள் கதவைப் பகலெல்லாம் சாத்தவிடவில்லை. எதிர்க்கதவோ எந்நேரமும் பூட்டியே கிடந்தது. கோடைக்கு முன்னரே அவர்கள் பேர்கன் நகருக்குப் போய்விட்டார்கள்.

இப்போது அந்தத் தளத்தின் கதவுகளெல்லாம் ஒரே சாம்பல் நிறம்; எதையும் ஒட்டக் கூடாதென்பது குடியிருப்பின் விதி. லின்னின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். அந்தப் படங்கள்தான் காரணமென்று உண்மையாகவே நம்பினாரா என்று போன மாதம் கேட்டேன்.

"இல்லை" என்றார். "இரவு பகலா அவளின்ரை பிள்ளை அழுற சத்தம் கேட்டுது. அதுக்கு நான் என்னத்தைச் சுரண்டுறது?"