களிம்பு ஏறிய ஐந்து தோட்டாக்கள்

ஒன்பது வருஷமாகத் திராகோ, தோல் பை தைக்கும் விங்கோவோடு பேசவில்லை. கொச்சேவ்யே காட்டோரத்து அந்த ஊரில் மொத்தமே நாற்பது வீடு. அதில் ஒருவரோடு ஒன்பது வருஷம் பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் படியில் விங்கோ வலப்பக்கம் இறங்கினால் திராகோ இடப்பக்கம் இறங்குவான். வேட்டைச் சங்கத்தில் அவர் இருக்கும் மேசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான்.

காரணம் அவன் நாய் ப்ரினா. அந்த நவம்பரில் அவன் சுட்ட காட்டுப்பன்றி விழவில்லை, காயத்தோடு திரும்பியது. அவனுடையது ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் பழைய துப்பாக்கி. மிச்சம் ஐந்து தோட்டா இடுப்பு வாரில் கோத்த தோல் பையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு தோல் குழல் என்று வரிசையாக இருந்தன. விங்கோ தைத்த பை. மூடியைத் தூக்கி இழுத்தான், வரவில்லை. அடுத்ததை இழுத்தான். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அதற்குள் ப்ரினா குறுக்கே பாய்ந்து பன்றியின் கோரைப் பல்லில் கிழிபட்டுச் செத்தது.

ஊர் வழக்கப்படி, சுட்டு விழுந்த மானின் வாயில் கடைசிக் கவளமாக வைக்கும் ஸ்ப்ரூஸ் மரக் கிளையை அன்று திராகோ தன் நாயின் வாயில் வைத்தான். நாய்க்கு யாரும் அப்படி வைப்பதில்லை. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

"தோல்காரன் இறுக்கித் தைச்சு என் நாயக் கொன்னுட்டான்" என்று அவன் சங்கத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான். விங்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த வருஷத்திலிருந்து விங்கோவிடம் வாங்கிய பை ஒவ்வொன்றிலும், மூடியின் உள்பக்கம், சுட்ட கம்பியால் எழுதியிருந்தது: வீடு வந்ததும் காலி செய்.

"பாத்தியா திராகோ, உனக்குத்தான் எழுதியிருக்காரு!" என்று ஆட்கள் மூடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்கள். செத்த நாயை வைத்து நக்கலா என்று அவன் எழுந்து வெளியே போனான்.

விங்கோ சேணம் தைக்கும் குடும்பம். காட்டில் மரம் இழுத்த குதிரைகள் போய் டிராக்டர் வந்ததும் வேட்டைக்காரர்கள் பக்கம் திரும்பினார். வருகிறவன் துப்பாக்கிக்குத் தகுந்த அளவில் மரத்தில் ஒரு பொய்த் தோட்டா கடைவார். தோலை ஊறவைத்து அதன் மேல் சுற்றி, காயும்வரை உருவமாட்டார். ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. வெடிச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்துவார். பை வாங்க யார் வந்தாலும் முதலில் அவர்கள் நாயோடுதான் பேச்சு.

இந்த அக்டோபரில் ஒரு ஞாயிறு, அவர் மனைவி மிலேனா கோயில் வாசலில் திராகோவை மறித்தாள். "அவருக்கு மூச்சு வாங்குது. உன்னைப் பாக்கணுமாம். அந்தப் பையையும் எடுத்துட்டு வா."

திராகோ போனான். ஜன்னலோரக் கட்டிலில் விங்கோ தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். பையை அவர் போர்வை மேல் எறிந்தான்.

"அன்னைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கு. பாருங்க உங்க வேலைய."

விங்கோ மூடியைத் தூக்கி, ஒரு தோட்டாவைச் சுற்றிக் குத்தூசியை விட்டுச் சுரண்டினார். பச்சைத் தூள் உதிர்ந்தது.

"களிம்புடா. மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோலும் பித்தளையும் ஒண்ணாக் கெடந்தா இப்படித்தான் கவ்விக்கும். ஜனவரியில வேட்டை முடிஞ்சு உள்ளயே விட்டுட்ட, இல்ல?"

"ஆமா, ஆணியில மாட்டுனேன். நவம்பர்ல எடுத்தேன். கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதுதான் விஷயம். எல்லார்கிட்டயும் சொல்லித்தான் பையக் குடுப்பேன். நீ வந்த அன்னைக்கு உன் ப்ரினா என் மெழுகுக் கட்டியத் தின்னுட்டு வாய் ஒட்டிக்கிட்டு முழிச்சுதே, ஞாபகம் இருக்கா? சிரிச்ச சிரிப்புல உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

திராகோவுக்கு ஞாபகம் இருந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"அப்போ மூடியில எழுதுனது என்னைக் கிண்டல் பண்ண இல்லையா?"

"உன்னையா? என்னை நம்பாமதான்டா எழுதுனேன். இன்னொருத்தன்கிட்டயும் மறந்துட்டா?"

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, அண்ணே."

"நாய் செத்து நிக்கிறவன்கிட்ட, தோட்டாவ உள்ள விட்டது நீதான்னு எப்படிச் சொல்றது? என்னைத் திட்டுனா உனக்குக் கொஞ்சம் ஆறும்னு விட்டேன். அப்புறம் நாள் ஓடிப்போச்சு."

திராகோ போர்வையில் கிடந்த பச்சைத் தூளைக் கையால் கூட்டித் தட்டினான். மிலேனா பீன்ஸ் சூப் கொண்டுவந்து வைத்தாள். வாங்கிக் குடித்தான்.

விங்கோ தலையணைக்கு அடியிலிருந்து ஒரு புதுப் பையை எடுத்தார். "உன் அளவுதான். கடைசிக் குழல் மட்டும் கோணல். கை ஆடுது."

மத்தியானம் வேட்டைக்குப் போக வைத்திருந்த தோட்டாக்கள் கோட்டுப் பையில் இருந்தன. ஐந்தையும் செருகி, ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தான். கோணல் குழலில் இருந்ததுகூட விரல் பட்டதும் வந்தது. திரும்பச் செருகி, வாரில் கோத்துக்கொண்டு எழுந்தவன் மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தான்.

"இதுல மட்டும் எழுத்தைக் காணோமே?"

"உனக்கு வாயால சொல்லணும்னு எழுதாம வெச்சேன்."

அந்த வியாழக்கிழமையே விங்கோ போய்விட்டார். அவரிடமிருந்து திராகோ கடைசியாகக் கேட்டது, அந்த ஞாயிறு அவன் கதவைத் தாண்டும்போது கட்டிலிலிருந்து மூச்சு வாங்கக் கூப்பிட்டுச் சொன்னதுதான்:

"டேய் திராகோ, வீட்டுக்குப் போனதும் காலி பண்ணிடு."