கெஸ்ட் வைஃபையில் ஒரு அண்ணன்

லிஃப்டக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் பதினோரு மாடி ஆஸ்பத்திரியின் நான்கு லிஃப்டுகளையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர், "கிரீஸ் பட்டா கையை விட்டுப் போகாதும்மா" என்று பயமுறுத்தினார். "கை போகாம இருந்தாச் சரி சார்" என்றாள்.

பழுது என்று போனால் உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்க மாட்டாள். "கடைசியா யாரு எதைத் தொட்டீங்க?" என்பாள். எல்லாரும் முதலில் "எதையும் தொடலையே" என்றுதான் சொல்வார்கள். அவள் சும்மா நிற்பாள். அந்த நிற்பைத் தாங்க முடியாமல் ஒருமுறை பெரிய டாக்டரே, கதவுக்கு ஸ்ட்ரெச்சரால் முட்டுக் கொடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவளுக்கே மூன்று மாதமாகப் பிடிபடாத பழுது ஒன்று வீட்டில் இருந்தது. தம்பியும் கடைக்குட்டித் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. இருவரும் பத்து வருடம் கார்ப் பந்தயம் ஆடிய பழைய கம்ப்யூட்டரை, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டு, தம்பி வேலை கிடைத்த ஊருக்கு மூட்டை கட்டிவிட்டான். தங்கை வாயை மூடினாள். அவனும் ரோஷக்காரன், மூடினான். அக்கா இரண்டு பக்கமும் தூது போய் ஓர் ஒப்பந்தம் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வர வேண்டும். ஒரு பந்தயம் ஆட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பேச வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் பேச்சும் இல்லை.

வந்தான். ஐந்து மணி பஸ்ஸுக்குத் திரும்பிப் போக டிக்கெட் எடுத்துக்கொண்டே வந்தான். சோபாவில் அவன், விண்டோஸ் லேப்டாப்போடு. சாப்பாட்டு மேசையில் அவள், மேக்கோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் ஆட்டத்தைத் திறந்து வைத்தாள். ஒரே வைஃபையில் இருந்தால் அது அவன் திரையிலும் வர வேண்டும். அங்கே மருந்துக்குக்கூட ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா, அவளைத் திறக்கச் சொல்லு."

"திறந்து பத்து நிமிஷம் ஆச்சுன்னு சொல்லுக்கா. கண்ணைக் கழுவிட்டுப் பாக்கச் சொல்லு."

"மேக்ல எல்லாம் யாராவது கேம் ஆடுவாங்களா? லெட்டர் அடிக்கிற மிஷின் அது."

"அவரு விண்டோஸ் அப்டேட் ஆகி முடிஞ்சா சொல்லச் சொல்லுக்கா. நான் கெழவி ஆகறதுக்குள்ள."

அக்காவுக்குக் கம்ப்யூட்டர் பெரிதாகத் தெரியாது. ஆனால் பழுது தெரியும். ஆட்டத்தின் வெர்ஷன் எண்ணை இரண்டிலும் பார்த்தாள். ஒன்றுதான். அவனுடைய ஃபயர்வால் ஆட்டத்தைத் தடுக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். தடுக்கவில்லை. பிறகு, வைஃபை தங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கும் முகவரி எண்ணை ஆளுக்கொன்றாக வாசிக்கச் சொல்லிப் புறங்கையில் பேனாவால் எழுதினாள். முதல் இரண்டு எண்கள் ஒன்றாக இருந்தன. மூன்றாவது, தங்கைக்கு ஒன்று, தம்பிக்கு ஐம்பது.

"மேக்கும் இல்ல, விண்டோஸும் இல்ல. ரெண்டு லிஃப்ட் ரெண்டு ஷாஃப்ட்ல ஓடுது. எந்த மாடில நின்னாலும் ஒண்ணை ஒண்ணு பாக்காது. கடைசியா யாரு எதைத் தொட்டீங்க?"

"நான் தொடல."

"நானும் தொடல."

அக்கா நின்றாள். மணி நாலே கால்.

"சீட்டுல எழுதி வெச்சது கெஸ்ட் வைஃபை பாஸ்வேர்டுதான்" என்றாள் தங்கை, மேக்கைப் பார்த்து.

வந்து போகிறவர்களுக்கென்று ஒதுக்கிய வைஃபை அது. இன்டர்நெட் கிடைக்கும், ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் எதையும் கண்ணில் காட்டாது.

"சரிக்கா. கெஸ்ட் கெளம்பறேன்." தம்பி லேப்டாப்பை மூடப்போனான். மூடுகிற கதவு எதைப் பார்த்தாலும் கையை நீட்டிப் பழகியவள் அக்கா. இரண்டு விரலை இடையில் வைத்தாள்.

"வீட்டு பாஸ்வேர்டை அவன்கிட்ட சொல்லுடி."

"முடியாது."

"பாஸ்வேர்டுல என்னைத் திட்டி வெச்சிருக்காளா?" என்றான் தம்பி. "பரவால்ல, சொல்லச் சொல்லு. அடிச்சுக்கறேன்."

தங்கையின் காது சிவந்தது. "அவன் வரமாட்டான்" என்றாள். "அதான் பாஸ்வேர்டு. இங்கிலீஷ்ல சேத்து அடிக்கணும். கடைசில மூணு."

தம்பி அடித்தான். மூன்றுக்கு முன்னால் விரல் நின்றது.

"மூணு எதுக்கு?"

"மொத மாசம் ஒண்ணு. அடுத்த மாசம் ரெண்டு."

அவன் மூன்றையும் அடித்தான். திரையில் தங்கையின் ஆட்டம் வந்து நின்றது. அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை. குழாயடியில் புறங்கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள், தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம்.

"டேய் அண்ணா, குறுக்க வராத!"

"நீதான்டி முட்டற, எருமை!"

"ஏமாத்துக்காரா! பழைய புத்தி போகுதா பாரு!"

ஒப்பந்தப்படி, ஆட்டம் முடிந்த பிறகுதான் பேச்சு. லிஃப்டக்கா அதை யாருக்கும் ஞாபகப்படுத்தவில்லை.