எட்டில் வந்து ஆறில் போன ஆர்டிஸ்

ஆர்டிஸ் லிண்ட்குவிஸ்டுக்குப் பொய் சொல்லவே வராது என்று எங்கள் ஊர் டுலூத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கல்லவா தெரியும்! பன்னிரண்டு நாள், காலை ஒன்பது மணிக்குச் சரியாக ஒரு பொய் சொன்னாள்.

இருபத்திரண்டு வருஷம் ஊர் பஸ் ஓட்டியவள். ஒரு ஜனவரியில் ஏரிப் பாலத்தின் உச்சியில் மூச்சு முட்டி, பஸ்ஸை ஓரம்கட்டிவிட்டாள். அதன் பிறகு பாலம் என்ற பேச்சை எடுத்தாலே வியர்த்துக் கொட்டியது. மே மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அவளுடைய ரூட் வேறொருவருக்குப் போய்விடும். அந்த ரூட் அவளுக்கு உயிர்.

அதற்காகத்தான் மனநலப் பகல் மருத்துவமனைக்கு வந்தாள். நான் மனச்சோர்வுக்காக வந்திருந்தேன். காலையில் போனால் மூன்று மணிக்கு வீடு. ராத்திரி நம் கட்டில், நம் நாய். நாள் முழுக்கப் பேச்சு, பயிற்சி, போதாக்குறைக்கு வீட்டுப்பாடம். முதல் வேலையாக வட்டமாக உட்கார்ந்து, மனசு எப்படி இருக்கிறது என்று பத்துக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். நான் எரிச்சலோடு மூன்று என்பேன். ஆர்டிஸ் சிரித்துக்கொண்டே எட்டு என்பாள்.

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். கால் உடைந்தாலும் பரவாயில்லை என்பார்கள். தட்டில் இருக்கும் கடைசி எலுமிச்சை கேக்கை முழுசாக எடுக்க மாட்டார்கள். பாதி வெட்டி, மீதியிலும் பாதி வெட்டி, கடைசியில் தூள்தான் மிஞ்சும்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை நர்ஸ் ட்ரூடி உற்சாகமாக வந்தாள். "ஆர்டிஸ், நல்ல சேதி! உங்க நம்பரப் பாத்துட்டு, தேறிட்டீங்கன்னு செலவைக் கட்டுற இன்ஷூரன்ஸ்காரங்க சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமையோட முடிஞ்சது."

ஆர்டிஸின் முகம் வெளுத்தது. "ரொம்ப சந்தோஷம்," என்றாள்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பெரிய சந்தோஷம்? நேத்து கார்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதியே, அதுவும் எட்டா?"

"வெர்ன், எல்லார் முன்னாடியும் ஏன்..."

"உண்மையான நம்பரச் சொல்லும்மா!"

அவள் கைப்பையின் வாரைத் திருகினாள். "ரெண்டு. வந்த அன்னைக்கு ஒண்ணு. உங்களயெல்லாம் சங்கடப்படுத்த வேண்டாமேன்னு..."

ட்ரூடி தலையில் கை வைத்தாள். "அடப்பாவமே! உங்க எட்ட நம்பி, எனக்கு நானே கைதட்டிக்கிட்டிருந்தேனே!" எல்லோரும் சிரித்துவிட்டோம். கண்ணில் நீர் வழிய, அதிகம் சிரித்தவள் ஆர்டிஸ்தான்.

டாக்டர் இன்ஷூரன்ஸ்காரர்களோடு தொலைபேசியில் மல்லுக்கட்டி இன்னும் மூன்று வாரம் வாங்கினார். இனி வீட்டுப்பாடம் பாலம்தான். முதலில் அடிவாரத்தில் நின்றாள். பிறகு என் காரில் பக்கத்தில் உட்கார்ந்து கடந்தாள். ஒரு சனிக்கிழமை அவளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"இப்ப என்ன நம்பர்?" என்றேன் நடுப்பாலத்தில்.

"மூணு. வாய மூடிக்கிட்டு வா."

மூடிக்கொண்டேன். அக்கரை வந்த பிறகுதான் கவனித்தேன், மூடிய வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் நான் பாடியதே இல்லை.

கடைசி நாள் அவள் சொன்ன எண் ஆறு. கூரை அதிரக் கத்தினோம். கடைசி கேக்கையும் முழுசாக எடுத்துத் தின்றாள், மகராசி. ஏட்டைப் பார்த்தால் எட்டில் வந்தவள் ஆறில் போயிருக்கிறாள், சிகிச்சை படுதோல்வி!

மே மாதம் அவள் பஸ்ஸில் ஏறினேன். பாலத்தின் உச்சியில், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆர்டிஸ் கத்தினாள்: "வெர்ன்! ஆறரை!"

மற்ற பயணிகள் திருதிருவென்று விழித்தார்கள். நான் எழுந்து நின்று கைதட்டினேன்.