மூலையில் வைத்த மஞ்சள்

என் டிரங்குப் பெட்டியின் அடியில் ஒரு விண்ணப்பத் தாள் இருக்கிறது. சர்க்கார் அச்சகத்தில் அடித்த நீளத் தாள். என் பெயர், வயது, நான் தேறிய பரீட்சைகள், வாங்கிய ஒரு பதக்கம் எல்லாம் என் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஓர் எழுத்தும் சாயாமல் இருக்கின்றன. மூன்று மூலைகளில் விரல் நுனி அகலத்துக்கு மஞ்சள் வட்டம். நான்காவது மூலையில் அதே அளவில் இன்னொரு வட்டம், சிவப்பு. இப்போது அது காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. மஞ்சளை வைத்தவள் என் அக்கா. அதைச் சிவக்கவைத்தவர் வேறொருவர். சிவக்க வேண்டி வந்தது என்னால்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்து சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகை மண்டியில் நின்றபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. பத்து வயதில் அக்கா அடுப்படிக்குப் போனாள். அதே மாதம் ஐந்து வயதில் நான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துப் படித்தவள் நான். இதை எப்போதும் தலை நிமிர்ந்துதான் சொல்லியிருக்கிறேன், இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன். சோற்றை யார் வடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு வெகுநாள் பிடித்தது. பிறகு அக்காவுக்கு அதே சாலையில் மஞ்சளும் மிளகும் மொத்தமாக விற்கும் கடைக்காரரோடு கல்யாணம் ஆயிற்று. பெற்றோர் போன பின் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீடுதான் என் வீடு. சென்னையில் மருத்துவம் படித்த காலத்தில் விடுமுறைக்கு நான் வந்து இறங்கியதும் அங்கேதான்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பட்டம் இருந்தால் ஜுரத்துக்கு மருந்து எழுதலாம். கத்தியைப் பிடிக்க வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் தங்கி, ஹவுஸ் சர்ஜனாக மூத்தவர்களின் கண்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும். கடைசி வருஷத்தில் ஒரு பிரசவ அறுவையின்போது வயிற்றின் விளிம்பை விலக்கிப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். நீலம் பாரித்த குழந்தை வெளியே வந்து அழுதது. அன்று முதல் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பெண் டாக்டருக்கு என்று இருந்தது ஓர் இடம். அது தவறினால், மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே மலை ஜுரத்துக்குக் கொய்னா மாத்திரை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் என் கை இரண்டு வருஷத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒரு விதி இருந்தது. தாளில் எழுத்தைத் தவிர வேறெந்த அடையாளமும் இருக்கக் கூடாது. தாளைக் கொடுத்தபோது ஆபீஸ் ஹெட்கிளார்க் அதற்குக் காரணமும் சொன்னார். முன்பு யாரோ ஒருவன் தன் மாமனுக்குத் தெரியும்படி மூலையைக் கிள்ளி வைத்து அனுப்பினானாம். ஆளுக்கு ஒரு தாள்தான், கெட்டுப்போனால் வேறு கிடையாது என்றும் சொன்னார்.

கடைசி நாள் காலையில் எழுதி முடித்து, மை உலர மேஜைமேல் தாளை விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நான்கு மூலையிலும் மஞ்சள் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. அக்கா கிண்ணத்தோடு நின்றிருந்தாள். முகத்தில் அத்தனை திருப்தி.

"என்ன அக்கா செய்திருக்க?"

"பதறாத ஏட்டி. எழுத்து மேல ஒரு பொட்டு படல. மூலையிலதான் வச்சிருக்கேன்."

"உன்னை யாரு வைக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? மஞ்ச இல்லாத கடுதாசி எழவுக் கடுதாசில்லா. நம்ம வீட்டுலருந்து அப்படி ஒரு வெறுந்தாளு போகலாமா?"

எங்கள் வீட்டில் கல்யாணக் கடிதமும் புதுக் கணக்கு நோட்டும் அப்படித்தான் வாசல் தாண்டும். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது ஹெட்கிளார்க்கின் முகம் மட்டும்தான். துடைத்தால் தாள் ஊறும், எழுத்து கலங்கும். துடைக்காவிட்டால் விதி. நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "எழுத்து தெரியாதவங்க எழுதின தாளைத் தொடக் கூடாது." அக்கா தன் விரல்களை ஒருமுறை பார்த்தாள். முந்தானையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆபீசில் ஹெட்கிளார்க் தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எந்தா குட்டி இது, உத்தியோகத்துக்கு அப்ளிகேஷனா, கல்யாணக் கடுதாசியா? மாப்பிள்ளை ஆரு, ஆஸ்பத்திரி சூப்பரண்டா?" பக்கத்து மேஜைக் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நான் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார். தாளின் தலைப்பில் பென்சிலால் ஏதோ குறித்தார். "நான் வாங்கிக்கிறேன். வாங்காம விட்டா இன்னைக்கோட தீர்ந்து. உள்ளே இருக்கிறவங்க என்ன பறையும்னு எனக்கு அறியாது, கேட்டியா."

அடுத்த பத்துப் பன்னிரண்டு நாட்கள் நானும் அக்காவும் சாப்பாட்டுக்குத் தேவையான வார்த்தைகளை மட்டும் பேசினோம். தபால்காரர் வரும் நேரத்தில் அவள் மாடிப்படியின் உச்சியில் நிற்பாள். நான் பார்த்தால் படியைப் பெருக்குவதுபோல் குனிந்துகொள்வாள். கடைசியில் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. "தனியாப் போகப்படாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியில் எலுமிச்சம் சாதத்தோடு அக்காவும் கிளம்பினாள்.

நேர்முகம் நடந்த அறைக்குப் பாதிக் கதவுதான். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஆஸ்பத்திரியின் சூப்பரண்டு, பிரசவப் பகுதியின் மூத்த டாக்டரம்மா, பிறகு சர்க்கார் தரப்பில் ஸ்ரீவராகம் அக்ரகாரத்துத் தமிழரான ஒரு வயதான அதிகாரி. அவர் பேசாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அக்கா வெளியே, கதவை ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தன. ரத்தப்போக்கு, வலிப்பு, குறுக்கே கிடக்கும் குழந்தை. ஐந்து கேள்விகளுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னேன். சூப்பரண்டு இரண்டு முறை தலையாட்டினார். இடம் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன். அப்போது டாக்டரம்மா என் தாளைத் திருப்பி வைத்து, மூலையில் பேனாவால் தட்டி, "இது என்ன?" என்றார்.

"அக்ரிஃப்ளேவின்" என்றேன். புண் கழுவும் மஞ்சள் மருந்து. "வார்டிலிருந்து வந்த கை. கறை பட்டுவிட்டது."

முன்கூட்டி யோசித்து வைத்த பொய் இல்லை அது. வாயிலிருந்து தானாக வந்தது. அக்ரிஃப்ளேவின் என்றால் நான் டாக்டர். மஞ்சள் என்றால் நான் சாலைத் தெருவின் மாடியில், மஞ்சள் மூட்டைகளுக்கு மேலே குடியிருக்கும் பெண். ஒரே நிறம்தான். அந்த அறையில் எது நல்லது என்று என் நாக்கு தேர்ந்தெடுத்துவிட்டது.

அதிகாரி மெல்வதை நிறுத்தினார். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு இடுப்பிலிருந்து வெள்ளிச் சுண்ணாம்புச் சிமிழை எடுத்தார். ஆள்காட்டி விரலில் துளி தொட்டு ஒரு மூலையில் தேய்த்தார். வட்டம் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவந்தது. அவர் தமிழில், யாரையும் கடிந்துகொள்ளாத குரலில் சொன்னார். "எங்காத்துல ஆரத்திக்கு இப்படித்தான் கரைப்பா."

டாக்டரம்மாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அவரும் தமிழில் கேட்டார். "வைத்தது யார்?"

"வீட்டில் சமைக்கிறவள்" என்றேன். இதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வெளியே தூக்குச்சட்டியோட ஒருத்தி உக்காந்திருக்காளே, அவளா? கூப்பிடுங்கோ" என்றார் அதிகாரி. சேவகன் கதவைத் தள்ளிப் பிடித்தான். அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைக்கத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். தமிழில் பேசியதெல்லாம் அந்தப் பாதிக் கதவுக்கு வெளியே அப்படியே கேட்டிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ யாரும்மா இந்தப் பொண்ணுக்கு?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "சமையக்காரி, சாமி."

"மஞ்சளை எதுக்கு வச்சே?"

"நல்ல காரியத்துக்குப் போற கடுதாசில்லா சாமி. வெறுந்தாளா அனுப்புனா எழவு வீட்டுக்குப் போற மாதிரில்லா இருக்கும். இது ஆளு பொழைக்கிற எடத்துக்கு வருது."

அதிகாரி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சமையக்காரிக்கும் டாக்டருக்கும் மூக்கு ஒரே அச்சுல வார்த்தாப்பல இருக்கே" என்றார். சூப்பரண்டு தலையைக் குனிந்துகொண்டார். "என் அக்கா" என்றேன். அக்கா தாழ்ந்த குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்ம இரி ஏட்டி, நான்தான் சொல்லிட்டேன்லா" என்றாள். அந்த அறையில் என்மேல் கோபப்பட்டவள் அவள் ஒருத்திதான். காரியத்தை நான் கெடுத்துவிட்டேன் என்ற கோபம் அது.

அவளை வெளியே அனுப்பிய பிறகு டாக்டரம்மா மறுபடி ஆங்கிலத்துக்குப் போனார். "மஞ்சளுக்காக நாங்கள் உங்களை ஒதுக்க மாட்டோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அறுவை முடிந்து தையல் போட்ட பிறகு, வயிற்றுக்குள் பஞ்சு ஏதாவது விட்டுப்போனதா என்று நான் உங்களிடம் கேட்பேன். அன்றைக்கு என்ன பதில் சொல்வீர்கள்?" நான் என்ன பதில் சொன்னாலும் அதை அவர் எப்படி நம்புவார்?

பழவங்காடி வழியாக வீட்டுக்கு நடந்தோம். எப்போதும் பிள்ளையாரைப் பார்க்காமல் அக்கா அந்த முக்கைத் தாண்ட மாட்டாள். அன்று தாண்டினாள். கொஞ்ச தூரம் போனதும், "கடைசியா அந்த அம்மா இங்கிலீசுல என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"நல்லா பதில் சொன்னேன்னு சொன்னாங்க."

அன்றைக்கு நான் சொன்ன மூன்றாவது பொய். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. "செரி, அது மதி. போதும்" என்றாள்.

பட்டியலில் வேறொரு பெண்ணின் பெயர் வந்தது. சில நாள் கழித்து ஹெட்கிளார்க் என் தாளையும் சான்றிதழ்களையும் ஓர் உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார். தோட்டத்து மருந்தகத்துக்கு நான் போகவில்லை. ஒரு தனி டாக்டரின் கிளினிக்கில் புண்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஆறு மாதத்தில் அந்தப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இடம் மறுபடி காலியாயிற்று. இரண்டாவது தாளை எழுதி, மூடி வைக்காமல், நேரே அடுப்படிக்குக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். எதற்கு நீட்டினேன் என்று இப்போதும் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அந்த விதி அந்தத் தாளிலும் இருந்தது. அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "கை ஈரம். கொண்டு போ" என்றாள். அவள் கை ஈரமாக இல்லை.

"இந்தப் பிராவசியம் மஞ்சள் இல்லே?" என்று கேட்டு ஹெட்கிளார்க் நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தார். நேர்முக அறையில் டாக்டரம்மா பழைய கேள்வியைத்தான் முதலில் கேட்டார். பஞ்சை எண்ணுவேன் என்றேன். ஒன்று குறைந்தால் தையலைப் பிரிக்கச் சொல்வேன். விட்டது நான் என்றால் நான்தான் என்று சொல்வேன். அவர் வேறு கேள்வி கேட்கவில்லை.

நியமனக் கடிதம் வந்த அன்று, முன்பு டாக்டரம்மா ஆங்கிலத்தில் உண்மையில் என்ன சொன்னார் என்பதை அக்காவுக்குச் சொன்னேன். அவள் அரிவாள்மணையில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப வயித்துக்குள்ள பஞ்ச விட்டுட்டுத் தைப்பாங்களா ஏட்டி?"

"எப்பவாவது நடக்கும்."

"எண்ணிப் பாக்க மாட்டாங்களா?"

"எண்ணத்தான் நான் போறேன்."

"நல்லா எண்ணு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை நறுக்கத் தொடங்கினாள். கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வருஷம் என் கைக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. இப்போது நானே வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்கிறேன். என் தையல் நேராக விழுகிறது என்று டாக்டரம்மா மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. வீட்டில் அக்காவும் நானும் பழையபடி பேசுகிறோம், சண்டை போடுகிறோம். ஆனால் எழுதிய தாள் எதையும் அவள் தொடுவதில்லை. எனக்கு வரும் தபாலை முந்தானை நுனியால் பிடித்துக் கொண்டுவந்து மேஜையில் போடுகிறாள். சூடான பாத்திரத்தை இறக்குவதுபோல் இருக்கும் அது.

இன்று காலை சென்னைக்கு அனுப்ப ஒரு விண்ணப்பம் எழுதினேன். மேற்பயிற்சிக்கு, இரண்டு வருஷத்துக்கு. கடைசி வரிவரை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அடையாளம் கூடாது என்ற விதி இதில் இல்லை. மை உலர மேஜைமேல் தாளை விரித்தேன். மஞ்சள் கிண்ணத்தை அடுப்படி மாடத்திலிருந்து எடுத்துவந்து தாளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் குளிக்கப் போனேன். வழக்கத்தைவிட அதிக நேரம் குளித்தேன்.

திரும்பி வந்தபோது கிண்ணம் மாடத்துக்கே போயிருந்தது. தாளின் நான்கு மூலைகளும் வெள்ளையாக இருந்தன. ஜன்னல் காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு செம்பு தண்ணீர் வைக்கப்பட்டிருந்தது. செம்பின் ஈரம் எழுத்தில் படாதபடி, அடியில் துணியை நான்காக மடித்துப் போட்டிருந்தாள்.