பால் பொங்கிய வேன்

வீடு பார்க்கப் போகிறவர்கள் வாசல் எந்தத் திசை, கிணறு எங்கே என்று கேட்பார்கள். வண்டி வாங்கப் போகிறவர்கள் இன்ஜினைத் திறந்து பார்ப்பார்கள். நாங்கள் வாங்கப் போனதோ இரண்டுங்கெட்டான் சமாசாரம், குடியிருப்பதற்கு ஒரு வண்டி. அதனால் இன்ஜினை என் கணவர் பார்க்கட்டும், நான் அடுப்பு ஏற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் பாத்திரத்தையும் பையில் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் போனேன். எந்த வண்டியில் தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்கிறதோ அதுதான் நம் வீடு. அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எங்கள் குடிசை பண்ணையாரின் மனையில் இருந்தது. தெரு முழுக்க அப்படித்தான். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற எங்கள் சனத்துக்குச் சுவர் சொந்தம், தரை அவருடையது. என் கணவர் மட்டும் வயல் வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போய், வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டு, அப்புறம் ஒரு பழைய மைக் செட் வாங்கி வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார். சாமி இல்லை என்று பேசுகிற கூட்டத்துக்கும் அவர்தான், மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர்தான். மனசளவில் அவர் முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்குக் கட்டியதுதான் வினையாகப் போயிற்று. அறுப்புக் கூலியை உயர்த்தச் சொல்லிப் பேசியது பண்ணையார் வீட்டு ஊஞ்சல் வரைக்கும் கேட்டதாம். மறுநாள் காலையில் காரியஸ்தர் வந்தார். பண்ணையாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்கிறவர். நாங்கள் அவர்கள் தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போன காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. அவர் செருப்புக் காலோடு என் அடுப்பு வரைக்கும் வந்து நின்றார்.

"பொங்கலுக்குள்ள குடிசையப் பிரிச்சுடணும். அப்பறம் குழாயக் கட்டிக்கிட்டு எங்க வேணா போய்க் கத்து."

என் அப்பா இதேபோலக் குடிசையைப் பிரித்துக் கீற்றையும் மூங்கிலையும் தலையில் சுமந்துகொண்டு போனதைச் சிறுவயதில் பார்த்தவள் நான். இப்போது என் வயிற்றில் வேறு பிள்ளை. அழுதேன். அழுது ஓய்ந்ததும் கோபம் வந்தது.

"இனிமே எவன் தரையிலயும் என் புள்ளய வளக்க மாட்டேன்" என்றேன். "சக்கரம் வச்ச வீடா வாங்குங்க. காலி பண்ணுன்னு எவனாவது வர்றதுக்கு முன்னாடி நாமளே ஸ்டார்ட் பண்ணிக்கிட்டுப் போயிடலாம்."

அவர் சிரித்தார். சாப்பிடும்போதும் சிரித்தார். கை கழுவிவிட்டு வந்து, "குழாய ஏத்திக்கிட்டு அப்படியே திருவிழா திருவிழாவாப் போவலாம் புள்ள" என்றார். மைக் செட்டில் சேர்த்த பணத்தோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லி நான் காதில் இருந்ததைக் கழற்றிக் கொடுத்தேன்.

முதலில் பார்த்தது பூதலூர் ஸ்டேஷன் பக்கத்தில் நின்ற ஒரு லாரி. நெல் மூட்டை ஏற்றிய லாரி, அடிப்பலகை அருமையான பலகை. ஆனால் மேலே தார்ப்பாய்தான் கூரை. நான் ஸ்டவ்வைப் பற்றவைக்க, காற்று அணைக்க, மறுபடி பற்றவைக்க, மறுபடி அணைக்க, அதற்குள் நெல் சுணை பட்டு முழங்கை வரைக்கும் சொறிந்து சிவந்துவிட்டது. லாரிக்காரர் என்னைப் பார்த்து, "வண்டி வாங்க வந்தீங்களா, சமையலுக்கு வந்தீங்களா?" என்றார். இரண்டுக்கும்தான் என்றேன்.

அடுத்தது சுவாமிமலையில் ஒரு வேன். சிலை வார்க்கிற பட்டறைக்காரர்களுடையது. வெண்கலச் சாமிகளாக ஏற்றி ஏற்றி நடுத்தரை கிண்ணம்போலக் குழிந்திருந்தது. பாத்திரம் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே போனது.

"சாமிங்க உக்காந்த வண்டி, அமையாது" என்றேன்.

"சாமின்னா வெறும் பாரம், அதான் பள்ளமாயிடுச்சு. நம்ம கூட்டத்துல இதச் சொன்னா நம்ப மாட்டேங்குற" என்றார் என் கணவர். பட்டறைக்காரர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

மார்கழி பாதி போய்விட்டது. பொங்கலுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாயவரத்திலிருந்து பூம்புகார் போகிற சாலையில் ஒரு பாய் தன் வேனை விற்கிறார் என்று கேள்விப்பட்டோம். கிராமம் கிராமமாகப் போய்ப் புடவை, கைலி விற்ற ஜவுளி வேன். முழங்கால் வலி வந்து அவர் கடைத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

மூக்கு நீண்ட பழைய வேன். ஏறியதுமே புதுத்துணி வாசனை. இரண்டு பக்கமும் மர அலமாரி, மேலே புடவை தொங்கவிடுகிற கம்பி. பக்கவாட்டுக் கதவைத் தூக்கிக் கம்பு கொடுத்தால் வாசல் பந்தல்போல நிழல். தொட்டில் அந்தக் கம்பியில்தான் என்று உடனே முடிவு செய்துவிட்டேன்.

"இழுக்கறப்ப இருமுது" என்றார் இன்ஜினைப் பார்த்த என் கணவர்.

"இருமுனா கஷாயம் குடுத்துக்கலாம். நீங்க பேசாம இருங்க."

தேநீர் போட்டுக் குடியுங்கள் என்று பாய் வீட்டம்மா ஒரு சொம்பு பால் கொடுத்தனுப்பினார். பாய் செருப்போடு ஏறி அலமாரிகளை எனக்குத் திறந்து காட்டிவிட்டு இறங்கினார். நான் தண்ணீருக்குப் பதில் பாலையே ஸ்டவ்வில் ஏற்றினேன். அந்த நேரம் பார்த்து வெளியே ஒருவர் வந்து நின்றார். தோளில் கரைபோட்ட துண்டு, வெள்ளை வேட்டி. அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர். தேர்தல் வருகிறது, பிரசாரத்துக்கு வண்டி வேண்டும், நீங்கள் கேட்கிறதற்கு மேலேயே தருகிறேன் என்று பாயிடம் சொன்னார்.

எனக்குத் திக்கென்றது. என் கணவரைப் பார்த்தேன். அவரோ, "கட்சி வேலைக்குன்னா எடுத்துக்கங்க தலைவரே" என்று சொல்லிவிடுகிற முகத்தோடு நிற்கிறார். அந்தக் கூட்டங்களுக்கு வருஷக்கணக்காகக் குழாய் கட்டியவர் அல்லவா. அவரை முறைப்பதற்காக நான் திரும்பினேன். சுர்ரென்று சத்தம். பால் பொங்கி வழிந்து பலகையில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்தவர் வண்டியில் இப்படிக் கொட்டிவிட்டேனே என்று முந்தானையால் துடைக்கிறேன், அழுகையும் வருகிறது. வண்டியும் போச்சு, மானமும் போச்சு.

பாய் வந்து எட்டிப் பார்த்தார். பிறகு கட்சிக்காரர் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்க தம்பி. இந்த வண்டி இப்ப இல்ல."

"ஏன் பாய்? இவங்ககிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல. தங்கச்சி இதுல பால் காய்ச்சிடுச்சு. பொங்கியும் போச்சு. குடி வந்த வீட்ட இன்னொருத்தருக்குப் பேச முடியுமா? எங்கள்லயும் பால் காய்ச்சித்தான் குடி போவோம்."

மேடையில் சகுனம், சாஸ்திரம் எல்லாவற்றையும் கிழித்துத் தொங்கவிடுகிற மனிதர் அந்தக் கட்சிக்காரர். எங்கள் குழாயிலேயே கிழித்திருக்கிறார். என் வயிற்றைப் பார்த்தார், வழிந்த பாலைப் பார்த்தார், துண்டைச் சரிசெய்துகொண்டார். "அப்ப சரி பாய். வீட்டப் போயி கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இன்றைக்கும் நான் நன்றி சொல்வேன்.

பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுப்பதற்காகப் பாய் மறுபடி ஏறினார். இந்த முறை செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறினார். தன் வண்டியில் அப்படி ஏறுகிறோம் என்பது அவருக்கே தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் என் கணவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பால் எந்தப் பக்கம் பொங்குச்சு?"

"பகுத்தறிவுக்கு எதுக்குங்க தெச?"

"சும்மா கேட்டேன்."

"கெழக்கால."

கும்பகோணம் வரைக்கும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வேனை ரோட்டில் நிறுத்திவிட்டு மூட்டை கட்ட வந்தோம். பக்கத்துக் குடிசை அக்கா நடவுப் பெண்களுக்கெல்லாம் முன்கை, முதல் ஆளாக இறங்கி வரிசையை நடத்துகிறவர். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்கு. நீ சொகுசா வண்டியில போயிடுவ. சாயங்காலமே ஒன் எடத்துக்கு வேலி போட்டுருவான். அப்பறம் எங்களை ஒவ்வொருத்தராத் தள்ளுவான். குடியிருக்குற மனை குடியிருக்குறவங்களுக்கேன்னு சட்டம் வரப்போவுதுன்னு ஒம் புருசன் குழாயிலதானடி பேசுனாங்க? அது வர்றப்ப நீ எந்த ரோட்டுல நிப்ப?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மூட்டையின் மேலேயே உட்கார்ந்து யோசித்தேன். காரியஸ்தர் என்ன சொன்னார்? குடிசையைப் பிரி என்றார். பிரித்துவிடலாம். வேனை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லையே.

என் கணவருக்கு மனசே இல்லை. திருவிழா திருவிழாவாகப் போகிற கனவெல்லாம் போகிறதே. "போறதுக்கு வாங்குன வண்டி புள்ள" என்றார். "போவலாங்க. நாமளா போவணும்னு நெனைக்கிறப்ப போவலாம்" என்றேன்.

தெருவுக்கு முன்னால் வாய்க்கால். அதில் ஆள் நடக்கிற பாலம்தான் உண்டு. சங்கத்து ஆட்கள் தென்னைமரத் துண்டங்களைக் குறுக்கே போட்டார்கள். குடிசையைப் பிரித்தோம். என் கணவர் ஓட்ட, தெருவே பின்னால் நின்று தள்ள, வேன் இருமிக்கொண்டே வாய்க்காலைத் தாண்டி, என் அடுப்பு இருந்த இடத்தில் வந்து நின்றது. மரத்தையெல்லாம் உடனே எடுத்து மறைத்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு முதல் நாள் காரியஸ்தர் வந்தார்.

"குடிசையப் பிரிக்கச் சொன்னேன்ல?"

"பிரிச்சுட்டோமுங்க."

"இது என்ன?"

"வண்டிங்க" என்றேன்.

"அத எடு."

"எப்படிங்க எடுக்குறது? வண்டி போவ பாலம் இல்லையே" என்றார் அக்கா பின்னாலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

அந்த வேனில்தான் குடித்தனம் நடத்தினோம். வேன் வாங்கியும் குழாயை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போன ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருப்பார். வெயில் காலத்தில் உள்ளே அவித்து எடுத்தது. மழையில் மட்டும் சொர்க்கம். குடிசைக்காரர்களின் பிள்ளைகள் எல்லாம் என் அலமாரிகளில் ஏறிப் படுத்துக்கொள்ளும். மகள் அதிலேயே பிறந்தாள். புடவைக் கம்பியில் தொட்டில் கட்டினேன். ஆடியில் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் அவரை விதை ஊன்றினேன். அது டயரைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது.

கடைசியில் சட்டம் வந்தே விட்டது. யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தாசில்தார் எங்கள் தெருவுக்கு வந்தார். கூடவே காரியஸ்தர். குடிசைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் எங்கள் முன்னால் நின்றார்கள்.

"இது வீடே இல்லீங்க. வண்டி" என்றார் காரியஸ்தர். "அன்னைக்கு இந்தப் பொண்ணே எங்கிட்ட வண்டின்னுதான் சொல்லுச்சு. கேட்டுப் பாருங்க. சக்கரம் இருக்கு, ஸ்டீரிங் இருக்கு. நாளைக்கே ஓட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. வண்டிக்கெல்லாம் பட்டாவா?"

அவர் சொன்னது என் வாய்ச்சொல்தான். என் சாமர்த்தியமே என் பிள்ளையின் தரையைத் தின்றுவிடும் போலிருந்தது.

தாசில்தார் அவரைக்கொடியைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். "உள்ள பாக்கலாமாம்மா?" என்று கேட்டார். பாருங்க என்றேன். படியில் கால் வைக்கப் போனவர், வைக்காமல் நின்று, செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு ஏறினார்.

தெருவே பார்த்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. எங்கள் வாசலில் அதுவரைக்கும் எந்த அதிகாரியும் செருப்பைக் கழற்றியதில்லை.

தொட்டிலில் தூங்குகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்து இறங்கிக் காலால் செருப்பைத் தேடினார். அப்போதுதான் நான் கேட்டேன்.

"வண்டியில ஏறுறதுக்கு யாராவது செருப்பைக் கழட்டுவாங்களாங்க?"

அவர் தன் கால்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வீடுன்னே எழுதிக்கய்யா" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு அடுத்த குடிசைக்குப் போனார்.

அன்று மாலை மறுபடியும் பால் காய்ச்சினேன். வேண்டுமென்றே பொங்கவிட்டேன். எந்தப் பக்கம் என்று என் கணவர் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.